வெளி கராஜில் சர்வீஸ் செய்தால் வாரன்டி போய்விடுமா?

புது கார் வாங்கிய எல்லோரும் ஒரு தடவையாவது இந்த எச்சரிக்கையைக் கேட்டிருப்பார்கள்: "வெளியில சர்வீஸ் விட்டீங்கன்னா வாரன்டி போயிடும்." சொல்கிறவர் பெரும்பாலும் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர், அவர் வேறு எப்படிச் சொல்வார்! ஆனால் பல நாடுகளில் இது சட்டத்துக்கு நேர் எதிரான பேச்சு. மற்ற இடங்களில் பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை என்பதுதான் விஷயம், ஏனென்றால் வெளியில் சர்வீஸ் விட்டு வாரன்டியை உண்மையிலேயே இழந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இழந்தது வெளியில் போனதால் அல்ல. என்ன செய்தோம் என்பதற்குக் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் போனதால்.

முதலில் வாரன்டி என்றால் என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வோம். காரைச் செய்த நிறுவனம் "எங்கள் பொருளிலோ நாங்கள் அதைப் பூட்டிய விதத்திலோ குறை இருந்து, அதனால் இத்தனை வருடத்துக்குள், இத்தனை கிலோமீட்டருக்குள் ஏதாவது கெட்டுப்போனால் நாங்களே சரிசெய்து தருகிறோம்" என்று கொடுக்கும் வாக்குறுதி அது. அவ்வளவுதான். பிரேக் பேட், வைப்பர் ரப்பர், கிளட்ச், டயர் மாதிரி ஓட ஓடத் தேயும் பொருட்கள் இதில் பெரும்பாலும் வராது, வந்தாலும் குறுகிய காலத்துக்குத்தான். ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது இதெல்லாம் வாரன்டி வேலையே இல்லை, பராமரிப்பு வேலை, அதற்கு எப்படியும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசி பயம் பிறக்கிறது. வாரன்டி வேலை என்றால், அதாவது கெட்டுப்போன பாகத்தை நிறுவனத்தின் செலவில் மாற்ற வேண்டும் என்றால், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். வெளி மெக்கானிக் மாற்றிவிட்டு "பில்லை நிறுவனத்துக்கு அனுப்புங்கள்" என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள். பராமரிப்பு வேலையை எங்கே செய்வது என்பது மட்டும்தான் இங்கே கேள்வி.

சரி, பராமரிப்பை வெளியில் செய்தால் நிறுவனம் எப்போது கை கழுவ முடியும்? நியாயமான பதில் ஒன்றுதான்: கெட்டுப்போன பாகத்துக்கும் வெளியில் நடந்த வேலைக்கும் தொடர்பு இருந்தால். வெளியில் ஆயில் மாற்றினீர்கள், ஆறு மாதம் கழித்து பவர் விண்டோ மோட்டார் நின்றுபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலுக்கும் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதை வைத்து வாரன்டியை மறுத்தால் அது வெறும் மிரட்டல். அதே இடத்தில் டர்போவோ கேம்ஷாஃப்டோ தேய்ந்துபோய் நின்றால் கதை வேறு. அங்கே ஆயில் நேரடியாகச் சம்பந்தப்பட்டது, எந்த ஆயில், எவ்வளவு, எப்போது என்று அவர்கள் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். உங்களிடம் பதில் இருந்தால் வாரன்டி நிற்கும். இல்லையென்றால் வாதாடிக்கொண்டே இருக்கலாம்.

இன்னொன்று: முழு வாரன்டியும் ஒரேயடியாகப் "போய்விடும்" என்ற பேச்சே பெரும்பாலும் தவறு. இன்ஜின் வேலையில் பிரச்சினை என்றால் இன்ஜின் சம்பந்தப்பட்ட அந்தக் கோரிக்கையை மறுக்கலாம். அதற்காக ஏசி, ஸ்டியரிங், பெயின்ட் எல்லாவற்றுக்குமான வாரன்டியையும் சேர்த்து ரத்து செய்வதற்கு எந்த நியாயமும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது

இது நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் போக்கு ஒரே திசையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் வாரன்டி சட்டம் இதில் மூத்தது. எங்கள் பிராண்ட் பாகத்தையே போட வேண்டும், எங்கள் ஆளிடமே சர்வீஸ் செய்ய வேண்டும் என்று வாரன்டியோடு முடிச்சுப் போடுவதை அது தடுக்கிறது. அந்தப் பாகத்தையோ சர்வீஸையோ இலவசமாகக் கொடுத்தால் மட்டும் அப்படிக் கேட்கலாம், இல்லாவிட்டால் அரசிடம் தனியாக விலக்கு வாங்க வேண்டும். இது ஏட்டோடு நின்றுவிட்ட சட்டமும் அல்ல. 2022இல் அந்நாட்டில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் பைக் நிறுவனமான ஹார்லி டேவிட்சன் மீது இதே விஷயத்துக்காக நடவடிக்கை எடுத்தது. வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தாலும் வாரன்டி போகாது என்று வாரன்டியிலேயே எழுதும்படி ஆயிற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இது போட்டிச் சட்டம் வழியாக, அதாவது பெரிய நிறுவனங்கள் சந்தைப் போட்டியை ஒடுக்கக் கூடாது என்ற சட்டத்தின் வழியாக வந்தது. 2002இல் வந்த விதி, பிறகு 2010இல் வந்த விதி, இரண்டும் கார் நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ் வலையமைப்புக்கு வெளியே இருக்கும் கராஜ்களை நசுக்கக் கூடாது என்ற நோக்கில் எழுதப்பட்டவை. 2010 விதியை 2023இல் நீட்டித்து 2028 மே 31 வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கிருந்து பிரிந்துபோன பிரிட்டன் 2023 ஜூனில் தனக்கென்று இதே போன்ற ஓர் ஆணையைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் கார் நிறுவனங்கள் சர்வீஸ், ரிப்பேர் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் நியாயமான விலைக்கு விற்றாக வேண்டும் என்று சட்டம் நடப்பில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலை 1 முதல் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் வாரன்டி காலத்திலேயே வெளியில் சர்வீஸ் செய்துகொள்ள வழி விடுகின்றன.

இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது ஒரு பெரிய உத்தரவு போட்டது. உதிரிபாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிச் சந்தைக்கு விடாமல் பூட்டி வைத்ததற்காக வந்த உத்தரவு அது, சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம், அதை எதிர்த்து மேல்முறையீடுகளும் நடந்தன. நமக்கு முக்கியமானது அதிலிருந்த ஒரு கட்டளை: வெளியில் ரிப்பேர் பார்த்தால் வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் நடந்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். ஆனால் பல வாரன்டி புத்தகங்களில் இன்னமும் "அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டுமே" என்ற வரியைப் பார்க்கலாம். அதனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதும், கவுன்டரில் இருப்பவர் அதை உடனே ஒத்துக்கொள்வார் என்பதும் ஒன்றல்ல. சண்டை போடத் தெம்பு இல்லாதவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த நாடாக இருந்தாலும் முதல் வேலை, கார் வாங்கும்போது கொடுத்த வாரன்டி புத்தகத்தை எடுத்து "எதற்குப் பொருந்தாது" என்ற பகுதியைப் படிப்பது. சின்ன எழுத்தில் இருக்கும், படிக்க அலுப்பாக இருக்கும், இருந்தாலும் நாலு பக்கம்தான்.

சரியான ஆயில், சரியான பாகம்

வெளி கராஜில் வாரன்டி தப்புவதும் போவதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தீர்மானமாகிறது, ஆயிலில். "நல்ல ஆயில்தான் சார் போட்டிருக்கோம்" என்பது பதில் ஆகாது. ஒரு ஆயிலுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று அதன் கெட்டித்தன்மை, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று கேனின் முகப்பில் பெரிதாக எழுதியிருப்பது. முதல் எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் இன்ஜின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. இதை எல்லோரும் பார்க்கிறார்கள். பலர் பார்க்காமல் விடுவது இரண்டாவது அடையாளத்தை, கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தரக் குறியீடுகளை: ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரம்), ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய கார் நிறுவனங்கள் சங்கத்தின் தரம்), ஃபோக்ஸ்வாகன் 504 00, மெர்சிடிஸ் 229.5 இப்படி. கெட்டித்தன்மை ஒன்றாக இருந்தும் இந்தக் குறியீடு வேறாக இருந்தால் அது வேறு ஆயில்தான்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. டீசல் காரில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது இல்லையா, அது பிடித்துவைத்த கரியை அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். ஆனால் ஆயிலில் இருக்கும் சில உலோகச் சேர்மங்கள் எரிந்து சாம்பலாகி அதில் தங்கிவிட்டால் அந்தச் சாம்பல் எரியாது, நாளாக நாளாக அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில், ஏசிஇஏவின் சி வரிசை, கேட்கிறார்கள். பெட்ரோலில், டர்போ வைத்து நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் சின்ன இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது கலவை நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும் தொல்லை உண்டு, அது பிஸ்டனையே உடைத்துவிடும். 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தரம் அதையும் மனதில் வைத்துத்தான் வகுக்கப்பட்டது. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட்டின் ஆரம்பகால வகைகளைப் போல டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் இன்ஜின்களும் இருக்கின்றன. அங்கே பொருந்தாத ஆயிலை ஊற்றினால் ரப்பர் பெல்ட் ஊறிச் சிதைந்து, துகள்கள் ஆயில் பம்ப்பின் வாயில் போய் அடைக்கும். அப்புறம் இன்ஜினுக்கு ஆயிலே போகாது. இப்படி ஆனால் நிறுவனம் மறுப்பதைக் குறை சொல்லவே முடியாது.

ஆகவே கராஜுக்குப் போகும் முன்பே உங்கள் காரின் ஓனர்ஸ் மேனுவலில் ஆயில் பக்கத்தைப் பார்த்து, கெட்டித்தன்மை, தரக் குறியீடு, எத்தனை லிட்டர் என்ற மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். "இதெல்லாம் வேணாம் சார், எல்லா வண்டிக்கும் நாங்க இதேதான் ஊத்துறோம்" என்று ஒரு டிரம்மைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

இதே கதைதான் மற்ற திரவங்களுக்கும். கூலன்ட்டை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஒரே நிறத்தில் வேறுவேறு ரசாயனங்கள் விற்கிறார்கள். படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்கான சிவிடி கியர்பாக்ஸுக்கு அதற்கென்றே செய்த ஆயில்தான், சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் போதாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் அதன் கொதிநிலை இறங்கும், அதனால்தான் பல நிறுவனங்கள் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகை கேட்கும் வண்டியில் சிலிகான் வகையான டாட் 5 ஊற்றக் கூடாது, எண் பெரிதாக இருப்பதால் மேலான சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

பாகங்களைப் பொறுத்தவரை பயம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் ஆயில் ஃபில்டரை அந்த நிறுவனம் பெரும்பாலும் செய்வதில்லை, மான், மாஹ்லே, பாஷ், டென்சோ மாதிரி உதிரிபாகக் கம்பெனிகள்தான் செய்து கொடுக்கின்றன. அதே கம்பெனி தன் சொந்தப் பெட்டியில் விற்கும் ஃபில்டர் உங்கள் காருக்கென்று பட்டியலிடப்பட்ட எண்ணாக இருந்தால் அது தரத்தில் குறைந்தது என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பிரச்சினை டூப்ளிகேட்டில்தான். பல ஃபில்டர்களுக்குள் ஒரு சின்ன பைபாஸ் வால்வு இருக்கும், ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் ஆயில் இல்லாமல் தவிக்கக் கூடாது என்று அது தானே திறந்து ஆயிலை விடும். போலிச் சரக்கில் அந்த வால்வு சரியான அழுத்தத்தில் திறக்குமா என்று யாருக்குத் தெரியும்? மலிவாகக் கிடைக்கிறது என்று இங்கே மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். வாரன்டி முடியும்வரை ஆயில் ஃபில்டரையாவது நிறுவனத்தின் ஜென்யூன் பார்ட்டாகவே வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. விலை வித்தியாசம் பெரும்பாலும் சொற்பம், பின்னால் வரக்கூடிய வாதத்தில் பாதியை அது முளையிலேயே கிள்ளிவிடும்.

பில் எப்படி இருக்க வேண்டும்

"ஜெனரல் சர்வீஸ், ஆயில் சேஞ்ச்" என்று ஒரே வரியில் எழுதிக் கீழே மொத்தத் தொகை போட்ட பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. அது எந்தக் காருக்கு, எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டரில் என்று எதுவுமே அதில் இல்லை. வாரன்டி கோரிக்கையைப் பரிசீலிப்பவர் உங்களை நேரில் பார்த்தவர் இல்லை, உங்கள் நல்ல மனசும் அவருக்குத் தெரியாது, அவர் முன்னால் இருப்பது காகிதம் மட்டும்தான்.

கராஜின் பெயர், முகவரி, வரிப்பதிவு எண்ணோடு அச்சடித்த பில்லாக இருக்க வேண்டும். தேதி, பதிவு எண், முடிந்தால் சேசிஸ் நம்பர், அன்றைய ஓடோமீட்டர் எண். ஆயிலின் பிராண்ட், கெட்டித்தன்மை, தரக் குறியீடு, எத்தனை லிட்டர். ஒவ்வொரு ஃபில்டருக்கும் பார்ட் நம்பர். சோதித்துப் பார்த்து மாற்றாமல் விட்டவையும் கூட, பிரேக் பேட் இவ்வளவு மீதம், பேட்டரி சரி, டயர் சரி என்று. உங்கள் காரின் சர்வீஸ் அட்டவணையில் அந்த சர்வீஸுக்கு என்னென்ன வேலை போட்டிருக்கிறதோ அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்து முத்திரை வாங்கிக்கொண்டால் அதைவிடச் சிறந்த ஆதாரம் இல்லை. நல்ல மெக்கானிக்குகள் இதைத் தொந்தரவாக நினைப்பதில்லை. பில் இல்லாமல் செய்தால் வரி மிச்சம் என்று ஆசை காட்டும் இடம் வாரன்டி காலத்துக்கு லாயக்கில்லை, அவ்வளவுதான்.

ஆயில் கேனை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், அதன் பின்பக்கத்தையும், ஃபில்டர் பெட்டியையும், டேஷ்போர்டில் ஓடோமீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுத்தால் தேதிக்கு இன்னொரு சாட்சி கிடைத்த மாதிரி. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் போட்டு வையுங்கள், தெர்மல் பேப்பரில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

சர்வீஸ் லைட்டை ரீசெட் செய்துவிட்டார்கள் என்பது ஆதாரம் ஆகாது. ஆயில் மாற்றாமலேயே அந்த விளக்கை யார் வேண்டுமானாலும் அணைக்கலாம். பல கார்களில் எந்தக் கிலோமீட்டரில் ரீசெட் செய்யப்பட்டது என்பது கம்ப்யூட்டரில் பதிவாகும், அதனால் வேலை முடிந்ததும் ரீசெட் செய்யச் சொல்வது நல்லது, பில்லில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போகும். இப்போது சில நிறுவனங்கள் முத்திரை குத்தும் சர்வீஸ் புத்தகத்தையே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்கின்றன. ஐரோப்பாவில் வெளி கராஜ்களும் கட்டணம் கட்டி அந்தப் பதிவேட்டில் எழுத முடிகிறது. உங்கள் கராஜுக்கு அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பில் கோப்புதான் உங்கள் சர்வீஸ் புத்தகம்.

தேதியைத் தவறவிடாதீர்கள்

பலர் சறுக்கும் இடம் இது. அட்டவணையில் "10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்றிருக்கும். வண்டி குறைவாக ஓடுகிறவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு வருடம் ஒரே ஆயிலில் ஓட்டிவிடுகிறார்கள். ஆயில் ஓடாமலேயும் கெடும், அதுவும் தினமும் குறைந்த தூரம் ஓடி இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் அணைக்கப்படும் வண்டியில் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து இன்னும் சீக்கிரம் கெடும். சில நாள் முன்பின் ஆவதற்குச் சலுகை உண்டு, எவ்வளவு என்பது புத்தகத்தில் இருக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் எங்கே சர்வீஸ் செய்தாலும் வாரன்டிக்கு ஆபத்துதான், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் செய்திருந்தாலும் இதே கதி.

புழுதி, ஓயாத போக்குவரத்து நெரிசல், பாரம் இழுத்தல், கடும் வெயில் மாதிரியான சூழலில் ஓடும் வண்டிக்குப் பல நிறுவனங்கள் தனியாக ஒரு கடுமையான அட்டவணையையும் கொடுத்திருக்கும், இடைவெளி குறைவாக. உங்கள் ஓட்டம் அதில் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

எதை வெளியில் கொடுக்க வேண்டாம்

இலவச சர்வீஸ் பாக்கி இருக்கும்வரை வெளியே போவதில் அர்த்தமில்லை, ஏற்கெனவே காரின் விலையில் அதற்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறீர்கள். ரீகால் வந்தால், அதாவது ஒரு குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்தால், சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், இலவசம், இத்தனை நாள் எங்கே சர்வீஸ் செய்தீர்கள் என்று பார்த்து அதை மறுக்கக் கூடாது. சாஃப்ட்வேர் அப்டேட்டும் பெரும்பாலும் அங்கே மட்டும்தான் கிடைக்கும், வெளியில் சர்வீஸ் செய்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. துரு வாரன்டிக்குச் சில நிறுவனங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் பாடி பரிசோதனை செய்து பதிய வேண்டும் என்று கேட்கும், அதையும் புத்தகத்தில் பாருங்கள்.

முக்கியமாக, வாரன்டியில் வரக்கூடிய ஒரு பாகத்தில் கோளாறு தெரிந்தால் வெளி மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்க்க விடாதீர்கள். கழற்றிய பிறகு, குறை முதலிலிருந்தே இருந்ததா, கழற்றும்போது வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் ஸ்கேனர் வைத்து எரர் கோடு பார்த்துச் சொல்லலாம், அது போதும். அந்தக் கோடை அழிக்காமல் வண்டியை அப்படியே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.

வயரிங்கை வெட்டி ஒட்டுவது இன்னொரு வில்லங்கம். அலாரம், கூடுதல் விளக்கு, பெரிய ஆம்ப்ளிஃபயர் என்று எதற்காவது ஒரிஜினல் வயரை உரித்து டேப் சுற்றினால், அதற்குப் பிறகு வரும் எந்த எலெக்ட்ரிக்கல் கோளாறுக்கும் அந்த டேப்பைக் காட்டியே மறுத்துவிடலாம், வாதாடக்கூட இடமிருக்காது. இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்வதும், அதாவது அதன் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவதும் அப்படித்தான். பழைய நிலைக்கு மாற்றிவிட்டால் தெரியாது என்பார்கள், ஆனால் எத்தனை தடவை எழுதப்பட்டது என்பதைப் பல கம்ப்யூட்டர்கள் எண்ணி வைத்துக்கொள்கின்றன. இதெல்லாம் சர்வீஸ் அல்ல, மாற்றம். சர்வீஸுக்காகப் பேசும் சட்டங்கள் இதற்குத் துணைக்கு வராது.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு: பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று தனி வாரன்டி பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. பிரேக், சஸ்பென்ஷன், கேபின் ஃபில்டர் மாதிரி வேலைகளை வெளியில் தாராளமாகச் செய்யலாம். உயர் மின்னழுத்தப் பக்கம் மட்டும் அதற்கான பயிற்சி பெறாத யாரும் கை வைக்கக் கூடாது. அங்கே வாரன்டி இரண்டாவது கவலை, உயிர்தான் முதல் கவலை.

எக்ஸ்டெண்டட் வாரன்டி வேறு ஆள்

இதுவரை சொன்ன பாதுகாப்பு பெரும்பாலும் காரோடு வந்த நிறுவன வாரன்டிக்குத்தான். பிறகு காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரன்டி பல சமயம் தனி ஒப்பந்தம், சில சமயம் பின்னால் ஒரு காப்பீட்டு நிறுவனம் இருக்கும். அதில் "எல்லா சர்வீஸும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான்" என்று எழுதியிருந்தால் அதை அசைப்பது கஷ்டம். எனவே வெளி கராஜ் என்று முடிவு செய்தவர்கள் எக்ஸ்டெண்டட் வாரன்டி வாங்கும் முன் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வது சில நேரம் காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

வெளியில் போவதில் இன்னொரு இழப்பும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வாரன்டி முடிந்து கொஞ்ச நாளில் பெரிய பாகம் ஏதாவது போனால், நிறுவனம் தானாக இரக்கப்பட்டுச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது உண்டு. அது உரிமை இல்லை, சலுகை. தங்களிடமே தவறாமல் வந்தவர்களுக்குத்தான் அதை முதலில் கொடுப்பார்கள். உங்கள் மாடலில் பரவலாகத் தெரிந்த கோளாறு ஒன்று இருந்தால் இதை யோசித்து முடிவெடுங்கள்.

மறுத்துவிட்டால்

வாயால் "வாரன்டி இல்லை" என்றால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எந்தப் பாகம் கெட்டது, அதற்குக் காரணம் என்ன, வெளியில் நடந்த எந்த வேலை அந்தக் காரணத்தை உண்டாக்கியது, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பல விவகாரங்கள் இந்தக் கட்டத்திலேயே இளகிவிடும், ஏனென்றால் வாயால் சொல்வது சுலபம், கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுப்பது கஷ்டம். மறுத்தது டீலரா, கார் நிறுவனமா என்றும் பாருங்கள். இறுதி முடிவு நிறுவனத்தினுடையது, அதனால் அதன் வாடிக்கையாளர் பிரிவுக்கு பில்களை இணைத்து நேரடியாக எழுதுங்கள். கெட்ட பாகத்தைத் தூக்கிப் போட விடாதீர்கள், ஆயில் பற்றிய தகராறு என்றால் கொஞ்சம் ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் சாட்சியோடு எடுத்து வைத்துக்கொண்டால் ஆய்வகத்தில் சோதிக்கலாம். சம்பந்தமில்லாத மூன்றாவது நிபுணர் ஒருவரின் அறிக்கை நுகர்வோர் மன்றத்தில் நன்றாக எடுபடும்.

உண்மையிலேயே வெளி கராஜின் தவறு என்றால், ஆயிலை வடிக்கும் சம்ப் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி மரையை உடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த நஷ்டத்தை அந்த கராஜ்தான் ஏற்க வேண்டும், கார் நிறுவனம் அல்ல. அதனால் கராஜைத் தேர்ந்தெடுக்கும்போதே தன் வேலைக்கு எழுத்தில் கியாரண்டி கொடுக்கிறதா, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குகிறதா, உங்கள் காருக்கான சர்வீஸ் தகவல்கள் அதனிடம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறு நடந்தால் பொறுப்பேற்கக் காப்பீடு வைத்திருக்கும் கராஜ் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று, இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. வாரன்டி முடிய ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது அதே வெளி மெக்கானிக்கிடம் வண்டியை லிஃப்டில் ஏற்றி முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆயில் கசிவு, ஸ்டியரிங் சத்தம், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், ஏசி, சென்சார் எரர் எல்லாமே. அவர் தரும் பட்டியலை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் ஒவ்வொன்றையும் ஜாப் கார்டில் எழுத வைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி தேதிக்குள் பதிவான புகாரை, பாகம் வரத் தாமதமாகி அந்தத் தேதி தாண்டிவிட்டாலும், புதுப் புகார் என்று சொல்லித் தள்ளுவது அவர்களுக்குக் கடினம்.